ஊருக்கு வந்தாச்சு, லண்டன் டிவி லைசென்ஸ் என்ன ஆகும்? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு வாசகர், லண்டன் வீட்டைப் பூட்டிவிட்டு ஆறு மாதம் மதுரைக்குப் போகிறேன், டிவி லைசென்ஸ் கட்டத்தான் வேண்டுமா என்று கேட்டிருந்தார். பிரிட்டனில் டிவி பார்க்க வருடா வருடம் கட்டும் கட்டணம் இது, பிபிசி நடப்பது பெரும்பாலும் இந்தப் பணத்தில்தான். அந்த ஆறு மாதமும் அங்கே யாரும் டிவி பார்க்கப் போவதில்லை என்றால் வேண்டாம், ஆனால் சொல்லிவிட்டுப் போங்கள் என்று இரண்டு வரியில் பதில் எழுதினேன். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் எத்தனை பேர் இதை மனதுக்குள் வைத்துத் தவித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. லண்டன், லீட்ஸ், ஜெர்மனி, சூரிச், பாரீஸ், ஈரோடு என்று எல்லா ஊரிலிருந்தும் வந்திருக்கின்றன. அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் இதற்கே.

கேள்வி: வெம்பிளியில் 27 வருடம் இருந்தோம். வீட்டை விற்றுவிட்டு நிரந்தரமாகத் திருச்சிக்கு வருகிறோம். டிவி லைசென்ஸ் பணம் மாதாமாதம் பாங்கிலிருந்து தானாகவே போகிறது. வீடு கைமாறினால் அதுவும் தானாக நின்றுவிடும்தானே?

நிற்காது ஐயா. நீங்கள் சொன்னால்தான் நிற்கும்.

பிரிட்டனில் லைசென்ஸ் என்பது ஒரு முகவரிக்குக் கொடுப்பது. ஒரே குடும்பமாக ஒரு வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும், எத்தனை டிவி இருந்தாலும் ஒரு லைசென்ஸ் போதும். அதேபோல ஒரே ஆளுக்கு இரண்டு வீடு இருந்து இரண்டிலும் பார்த்தால் இரண்டு வாங்க வேண்டும். வீட்டை வாங்கியவருக்கு உங்கள் லைசென்ஸ் போய்ச் சேராது, அவர் தன் பெயரில் தனியாக எடுக்க வேண்டும். உங்கள் டைரக்ட் டெபிட் மட்டும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2016-இல் ஈஸ்ட் ஹாம் வீட்டைக் காலி செய்தபோது கேஸ், கரண்ட், தண்ணீர், கவுன்சில் டாக்ஸ், போன் என்று ஒரு நோட்டில் எழுதிவைத்து, ஒவ்வொன்றாக முடித்து அடித்துக்கொண்டே வந்தேன். டிவி லைசென்ஸ் அந்த நோட்டில் ஏறவே இல்லை. ஊருக்கு வந்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, வீட்டுக்கு வெள்ளையடித்து, எல்லாம் ஓய்ந்து ஒரு மத்தியானம் பழைய பாங்க் ஸ்டேட்மென்ட்டைத் திறந்தால் ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியை ஒட்டி 12.12 பவுண்டு, 12.12 பவுண்டு என்று பதினொரு வரி. வீட்டுச் சாவியை ஒப்படைத்த கடிதத்தைத் தேடி எடுத்து அனுப்பிய பிறகு ஒரு பகுதி திரும்பி வந்தது. மீதி போனது போனதுதான். இன்றைக்கு அந்தத் தொகை இன்னும் பெரிது: வருடத்துக்கு 145.50 பவுண்டாக இருந்தது 2024 ஏப்ரலில் 169.50 ஆகி, 2025 ஏப்ரலில் 174.50 ஆனது. ரூபாய்க் கணக்கில் போட்டுப் பாருங்கள், ஊரில் ஒரு வயதானவரின் பல மாத மருந்துச் செலவு அது.

ஆகவே கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே டிவி லைசென்ஸிங் இணையதளத்தில் போய், நாட்டை விட்டு நிரந்தரமாகப் போகிறேன் என்று குறிப்பிட்டு ரத்து செய்யுங்கள். முதலில் லைசென்ஸ், அப்புறம்தான் பாங்கில் டைரக்ட் டெபிட். பலர் பாங்கில் மட்டும் நிறுத்திவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் அங்கே நீங்கள் பணம் கட்டாதவராகப் பதிவாகி, பழைய முகவரிக்குக் கடிதமாக வந்துகொண்டிருக்கும். முழு வருடத்துக்கும் முன்பணமாகக் கட்டியவராக இருந்தால், மீதி இருக்கும் முழு மாதங்களுக்குப் பணம் திரும்பக் கேட்கலாம். வீடு விற்ற பத்திரத்தின் நகல், விமான டிக்கெட், கவுன்சில் டாக்ஸ் முடித்த கடிதம் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, பிரிட்டன் பாங்க் கணக்கை ரீஃபண்ட் வந்து சேரும் வரைக்கும் மூடாதீர்கள். இது சின்ன விஷயம்தான், ஆனால் மூடிவிட்டு அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

கேள்வி: நாங்கள் பிபிசி பக்கமே போவதில்லை. மாமியாருக்குத் தமிழ் சீரியல், வீட்டுக்காரருக்குச் செய்தி, எனக்கு யூடியூப். தமிழ் சேனலுக்குத் தனியாகச் சந்தா கட்டுகிறோம். பிறகு எதற்கு லைசென்ஸ்? (இல்ஃபோர்ட் வாசகி)

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான் அம்மா. நம்மவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பதும் இதைத்தான்.

சட்டம் எந்தச் சேனல் என்று கேட்பதில்லை. டிவியில் ஒளிபரப்பாகும் அதே நேரத்தில் பார்க்கிறீர்களா, அல்லது அப்போது பதிவு செய்கிறீர்களா என்றுதான் கேட்கிறது. சென்னையிலிருந்து வரும் சேனலாக இருந்தாலும் சரி, டிஷ்ஷில் வந்தாலும் சரி, பெட்டி வழியாக, போனில், லாப்டாப்பில் வந்தாலும் சரி, நேரலையாக ஓடும் டிவி சேனலைப் பார்த்தால் லைசென்ஸ் வேண்டும். யூடியூபில் தமிழ்ச் செய்திச் சேனல் ஒன்று இருபத்துநாலு மணி நேரமும் நேரலையாக ஓடுகிறதே, அதைப் பார்த்தாலும் அப்படித்தான். நீங்கள் கட்டும் சந்தா சேனல்காரருக்குப் போகிறது, அதற்கும் லைசென்ஸுக்கும் சம்பந்தமில்லை.

அதே சீரியலை ஒளிபரப்பு முடிந்த பிறகு ஆப்பில் எடுத்துப் பார்த்தால் வேண்டாம். நெட்ஃபிளிக்ஸில் படம் பார்த்தால் வேண்டாம். யூடியூபில் சமையல் வீடியோ, பழைய பட்டிமன்றம் எல்லாம் வேண்டாம். ரேடியோவுக்கு வேண்டாம். ஆனால் பிபிசி தன் நிகழ்ச்சிகளை இணையத்தில் தரும் ஐபிளேயருக்கு மட்டும் விதி வேறு: 2016 செப்டம்பர் 1 முதல் அதில் பழைய நிகழ்ச்சியைப் பின்னால் பார்த்தாலும் லைசென்ஸ் தேவை.

உங்கள் வீட்டில் மாமியார் இரவு எட்டரை மணி சீரியலை மறுநாள் காலையில் பார்க்கப் பழகிக்கொண்டாலும், உங்கள் வீட்டுக்காரர் செய்தியை நேரலையில்தான் பார்ப்பேன் என்றால் லைசென்ஸ் எடுத்தே ஆக வேண்டும். யாருமே நேரலை பார்ப்பதில்லை, ஐபிளேயரும் இல்லை என்பது உண்மையானால், லைசென்ஸ் தேவையில்லை என்று இணையதளத்தில் ஒரு அறிவிப்பு கொடுத்துவிடுங்கள். அது கொடுக்காவிட்டால் கடிதம் ஒவ்வொன்றாகச் சிவப்பெழுத்தில் வந்து வீட்டிலிருக்கும் பெரியவர்களைப் பயமுறுத்தும். ஆள் வந்து கதவைத் தட்டினாலும், நீதிமன்ற வாரண்ட் இல்லாமல் அவருக்கு உள்ளே வர உரிமை கிடையாது, நீங்கள் விட்டால்தான் வரலாம். மரியாதையாகப் பேசி அனுப்பலாம். அதே சமயம், லைசென்ஸ் இல்லாமல் நேரலை பார்த்துப் பிடிபட்டால் அது கிரிமினல் குற்றம், 1,000 பவுண்டு வரை அபராதம், அதோடு கோர்ட் செலவு. வருகிற ஆளிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் பயந்து எதையாவது கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது பெரும்பாலும் பகலில் தனியாக வீட்டில் இருக்கும் பெண்கள்தான். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கேள்வி: மகள் லீட்ஸில் எம்.எஸ்ஸி. படிக்கிறாள். ஹாஸ்டல் அறையில் டிவி கிடையாது, லாப்டாப் மட்டும்தான். "லீகல் ஆக்‌ஷன்" என்று கடிதம் வந்து அழுகிறாள். மாணவர்களுக்கு விலக்கு உண்டு என்கிறார்களே? (ஈரோடு)

அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தக் கடிதம் பெயர் தெரியாமல் முகவரியைப் பார்த்து அனுப்புவது. லைசென்ஸ் இல்லாத எல்லா அறைக்கும் போகும். அவள் மேல் யாரும் வழக்குப் போடவில்லை.

மாணவர் விலக்கு பற்றிப் பாதிதான் உங்கள் காதுக்கு வந்திருக்கிறது. அப்பா அம்மா வீட்டில் லைசென்ஸ் இருந்தால், பிள்ளை வெளியூரில் படிக்கும்போது பாட்டரியில் ஓடும் போன், லாப்டாப்பில் பார்க்கலாம், ஆனால் அந்தக் கருவி சுவரில் சார்ஜரோடு செருகியிருக்கக் கூடாது. இதுதான் விலக்கு. அந்த அப்பா அம்மா வீடு பிரிட்டனில் லைசென்ஸ் உள்ள வீடாக இருக்க வேண்டும். ஈரோட்டு வீட்டுக்கு லைசென்ஸே கிடையாது, அதனால் இந்திய மாணவர்களுக்கு இந்த விலக்கு பயன்படாது. மகள் ஐபிஎல்லை நேரலையில் பார்ப்பாளா, ஐபிளேயர் திறப்பாளா என்று கேளுங்கள். இல்லை என்றால் தேவையில்லை என்று அறிவிப்பு கொடுத்தால் கடிதம் நின்றுவிடும். ஆமாம் என்றால் எடுக்கட்டும். படிப்பு முடிந்து ஊருக்குத் திரும்பும்போது மறக்காமல் ரத்து செய்து மீதி மாதங்களுக்குப் பணம் கேட்கட்டும். அடுத்த வருடம் நாலு தோழிகள் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் வீடு எடுத்தால் ஒரு லைசென்ஸை நாலு பேரும் பங்கு போடலாம், ஆளுக்கொரு தனி ஒப்பந்தம் என்றால் அறைக்கு ஒன்று என்று ஆகிவிடும். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதே இதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: மகன் ஆகன் நகரில் மாஸ்டர்ஸ் முடித்துவிட்டு கோயம்புத்தூர் வந்து ஐந்து மாதம் ஆகிறது. ஜெர்மனியில் அவனிடம் டிவி, ரேடியோ எதுவும் இருந்ததில்லை. இப்போது அவனுடைய நண்பன் ஒரு கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான், 110 யூரோவுக்கு மேல் பாக்கி என்று. ஊரைவிட்டுப் போகிறேன் என்று நகர அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தான். பிறகு ஏன்?

உங்கள் மகன் ஒரு இடத்தில் சொல்லியிருக்கிறார், இரண்டு இடத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

ஜெர்மனியில் இதற்குப் பெயர் ருண்ட்ஃபுங்க்பைட்ராக், அதாவது ஒலிபரப்புக் கட்டணம். 2013 வரைக்கும் கருவி இருந்தால் கட்டணம் என்று இருந்தது. அந்த வருடம் ஜனவரியிலிருந்து வீட்டுக்கு இவ்வளவு என்று மாற்றிவிட்டார்கள், டிவி இருக்கிறதா என்ற கேள்வியே இல்லை. 2021 முதல் மாதத்துக்கு 18.36 யூரோ, மூன்று மாதத்துக்கு ஒருமுறை 55.08. அவர் கடிதத்தில் வந்திருப்பது இரண்டு காலாண்டுத் தொகையாகத்தான் இருக்கும். ஒரே பிளாட்டில் நாலு பேர் இருந்தால் ஒருவர் கட்டினால் போதும், மற்றவர்கள் அவருடைய கட்டணக் கணக்கு எண்ணை (பைட்ராக் எண்) கொடுத்தால் விட்டுவிடுவார்கள். ஹாஸ்டலில் பொது நடைபாதையை ஒட்டி வரிசையாக இருக்கும் தனி அறைகள் ஒவ்வொன்றும் தனி வீடு என்று கணக்கு. அரசு கல்வி உதவி வாங்கும் மாணவர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் நம் பிள்ளைகள் பெரும்பாலும் சொந்தப் பணத்தில், கடனில் படிக்கப் போகிறவர்கள், அவர்களுக்கு அது கிடைப்பதில்லை.

நகர அலுவலகத்தில் அப்மெல்டுங் போட்டது குடியிருப்புப் பதிவை நீக்கத்தான். கட்டணத்தை வசூலிப்பது கொலோனில் இருக்கும் பைட்ராக்ஸ்ஸெர்விஸ் என்ற வேறு அலுவலகம். அங்கே தனியாக எழுத வேண்டும். இதில் வலிக்கிற இடம் ஒன்று இருக்கிறது: வீட்டைக் காலி செய்த மாதத்தோடு கட்டணம் முடியும், ஆனால் அதை நீங்கள் தெரிவித்த மாதத்துக்கு முன்னால் முடியாது என்று விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதாவது ஒரு மாதம் தாமதித்தால் ஒரு மாதக் காசு. ஆகவே இன்றைக்கே, இந்த மாதம் முடிவதற்குள், அவருடைய பைட்ராக் எண்ணைக் குறிப்பிட்டு, வெளிநாட்டுக்கு நிரந்தரமாகப் போய்விட்டேன் என்று எழுதி, அப்மெல்டுங் சான்றை இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். இணையதளத்திலேயே படிவம் இருக்கிறது. கிளம்பிய தேதியைக் காட்டிப் பழைய பாக்கியைத் தள்ளக் கேட்டுப் பார்க்கலாம், அதில் நான் உறுதி சொல்ல மாட்டேன். ஊருக்கு வந்துவிட்டோம், இனி யார் கேட்பார்கள் என்று விட்டுவிட வேண்டாம். நாளைக்கு வேலைக்கென்று திரும்ப அங்கே போய்ப் புது வீட்டைப் பதியும்போது அந்தப் பழைய பாக்கி எதிரே வந்து நிற்கும். போகிற பிள்ளைகளுக்கு விமான நிலையத்தில் ஊறுகாய் பாட்டிலோடு இந்தத் தகவலையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பலாம்.

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது, எங்களோடு ஹாரோவில் இருக்கிறார். 75 தாண்டினால் இலவசம் என்று கேள்விப்பட்டோம்.

முன்பு அப்படித்தான் இருந்தது. 2020 ஆகஸ்ட் 1 முதல் 75 வயது ஆனவர்களிலும் பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த பெரியவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகை) வாங்குகிறவர்களுக்கு மட்டும்தான் இலவசம். அம்மா அதை வாங்குகிறார் என்றால் லைசென்ஸை அவர் பெயருக்கு மாற்றுங்கள், கூட இருக்கும் எல்லோருக்கும் சேர்த்தே அது செல்லும். விசாவில் பிள்ளைகளைச் சார்ந்து வந்திருக்கும் பெற்றோருக்குப் பொதுவாக இந்த உதவித்தொகை கிடையாது, அதனால் இலவசமும் இல்லை. பென்ஷன் கிரெடிட் வாங்குகிற பெரியவர்கள் ஊருக்கு நீண்ட நாள் போகும்போது கவனமாக இருக்க வேண்டும், நாலு வாரத்துக்கு மேல் வெளிநாட்டில் தங்கினால் பொதுவாக அது நின்றுவிடும். கோயில் திருவிழா முடித்துவிட்டு வரலாம் என்று போய் மூன்று மாதம் தங்கிவிடுகிறவர்கள் அதிகம், அதனால்தான் சொல்கிறேன். கண் பார்வை மிகவும் குறைந்தவர் என்று பதிவு செய்திருந்தால் வயது எதுவானாலும் பாதிக் கட்டணம்.

கேள்வி: லண்டனில் லைசென்ஸ் கட்டியிருக்கிறேன். நான்கு மாதம் சென்னையில் இருக்கும்போது ஐபிளேயர் திறக்க மாட்டேன் என்கிறது. கட்டிய காசுக்கு உரிமை இல்லையா?

கோபம் புரிகிறது, ஆனால் லைசென்ஸ் பிரிட்டனுக்குள் பார்ப்பதற்குத்தான். நிகழ்ச்சிகளின் உரிமை நாட்டுக்கு நாடு தனித்தனியாக விற்கப்படுவதால் வெளிநாட்டில் ஐபிளேயரைத் திறந்து விடுவதில்லை. கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே ஆப்பில் டவுன்லோட் செய்து வைத்தால் சென்னையில் பார்க்கலாம், அதுவும் குறிப்பிட்ட நாள் வரைதான். நான் அப்பாவுக்காக ஒரு விலங்குகள் தொடரை அப்படிக் கொண்டுபோய், மாலையில் திண்ணையில் டேப்லெட்டை வைத்து, பென்குவின் வரும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்திக் காட்டியிருக்கிறேன். நான்கு மாதமும் லண்டன் வீடு பூட்டியே இருக்கும் என்றால் ரத்து செய்து, திரும்பி வந்ததும் புதிதாக எடுப்பது லாபமா என்று மீதி மாதத்தை எண்ணிப் பாருங்கள். வீட்டில் மகனோ மருமகளோ இருந்து பார்த்தால் கை வைக்க வேண்டாம்.

கேள்வி: சென்னை வந்து இரண்டு வருடம் ஆகிறது. "உங்கள் லைசென்ஸ் கட்டணம் தோல்வி, உடனே கார்டு விவரத்தைப் புதுப்பிக்கவும்" என்று மின்னஞ்சல் வந்தது.

தொடாதீர்கள். பல வருடமாக நடக்கிற மோசடி இது. உண்மையான மின்னஞ்சலில் உங்கள் பெயரோ, உங்கள் அஞ்சல் குறியீட்டின் ஒரு பகுதியோ இருக்கும். "அன்பான வாடிக்கையாளரே" என்று பொதுவாக ஆரம்பித்தால் அழித்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் அதில் இருக்கும் இணைப்பை அழுத்தாமல், நீங்களே இணையதள முகவரியைத் தட்டிப் போய்ப் பாருங்கள். கார்டு எண்ணை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் படித்துக்கொண்டிருக்காமல் பாங்குக்குப் போன் செய்யுங்கள்.

கேள்வி: சூரிச்சிலிருந்து கனடாவுக்குப் போகிறோம். டிவி, ரேடியோ கட்டணம் வசூலிக்கும் செராஃபேவுக்கு எழுத வேண்டுமா?

தேவையில்லை. ஜெர்மனிக்கு நேர் எதிர் இங்கே. உங்கள் கெமைண்டேயில் (ஊராட்சி அலுவலகத்தில்) வெளியேறுவதைப் பதிந்தால் அங்கிருந்தே அவர்களுக்குத் தகவல் போகிறது. 2021 முதல் ஒரு வீட்டுக்கு 335 பிராங்க், 2027-இல் 312 ஆகக் குறைகிறது. வருடம் முழுவதற்கும் கட்டியிருந்தால் கணக்கைப் பார்த்து மீதியைக் கேளுங்கள். பதிவு நீக்கிய தாளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி: பாரீஸில் டிவி கட்டணம் இன்னும் கட்ட வேண்டுமா? ஒஸ்லோவில்?

இரண்டு இடத்திலும் இல்லை. பிரான்ஸில் 138 யூரோவாக இருந்ததை 2022-இல் எடுத்துவிட்டார்கள். நோர்வேயில் 2020 முதல் அது பொது வரியோடு சேர்ந்துவிட்டது.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் சண்டைக் காலத்தில் கரண்ட் இல்லாமல், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ ஓடவிட்டு பிபிசி தமிழோசை கேட்டு வளர்ந்தவன் நான். இப்போது கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கிறேன். நாங்கள் ஒரு சதமும் கட்டியதில்லை. அதற்கு யார் காசு கட்டினது? (ஒரு மூத்த வாசகர்)

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

தமிழ் ஒலிபரப்பு 1941 மே 3-இல் தொடங்கியது. தமிழோசை என்று பெயர் வைத்தவர் உங்கள் ஊர்க்காரர், சோ. சிவபாதசுந்தரம். நீங்கள் டைனமோ சுற்றிய காலத்தில், தமிழோசையை நடத்திய பிபிசி உலக சேவைக்குப் பணம் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சகத்திலிருந்து வந்தது. அதாவது அந்த நாட்டு மக்கள் கட்டிய வரி. 2014 ஏப்ரல் 1-இலிருந்து அந்தச் செலவு லைசென்ஸ் கட்டணத்தின் மேல் வந்தது, பிறகு அரசாங்கமும் கொஞ்சம் மானியம் சேர்த்தது. வானொலியில் தமிழோசை 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு நின்றுவிட்டது, தமிழ் சேவை இணையத்தில் தொடர்கிறது.

ஆக, கடைசி மூன்று வருடத் தமிழோசைக்கு ஈஸ்ட் ஹாமில் இருந்து நான் கட்டிய 12.12 பவுண்டிலும் ஏதோ ஒரு பென்ஸ் போயிருக்கிறது. பதினொரு மாதம் வீணாகப் போன அந்தக் காசைப் பற்றி மேலே எழுதினேனே, உங்கள் கடிதம் வந்த பிறகு அதை நினைத்தால் முன்போல வருத்தமாக இல்லை. பிபிசி எப்படி நடக்க வேண்டும் என்று வகுத்திருக்கும் இப்போதைய அரச சாசனம் 2027 டிசம்பர் 31-இல் முடிகிறது. அதற்குப் பிறகு லைசென்ஸ் இருக்குமா, வரியாகுமா, சந்தாவாகுமா என்று அங்கே பேசிக்கொண்டிருக்கிறார்கள். எப்படி மாறினாலும் தமிழ் சேவைக்கு ஒரு பங்கு இருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். அந்த டைனமோ ரேடியோ இன்னும் யாரிடமாவது இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறோம்.